பெயின்ட் காசு இரும்புக்குப் போய்ச் சேரணும்

பழைய பிக்கப் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது, எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வண்டி வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு மாச வருமானத்தைத் தின்றுவிடும் காரியம். வேலை முடிந்து வண்டி பளிச்சென்று பட்டறையை விட்டு வெளியே வரும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். அடுத்த மழைக்காலம் முடியட்டும். கதவின் அடி ஓரத்திலும் தொட்டியின் மூலையிலும் மட்கார்டு வளைவிலும் கடுகு கடுகாகப் பெயின்ட் கொப்புளிக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பாகத் துரு கொட்டும். கொடுத்த காசு என்ன ஆனது என்று யாரிடம் போய்க் கேட்பது?

செலவாகிறதே என்று நான் அழவில்லை. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம், கிளட்ச் போனால் போடுகிறோம். அந்தக் காசுக்கு வண்டி ஓடுகிறது. பெயின்டுக்குக் கொடுக்கிற காசு மட்டும் இரும்பைக் காப்பாற்றாமல், இரும்பு அழுகுவதை மறைக்கவே செலவாகிறது. ஒரு தடவை போனால் பொறுத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் அப்படியே போனால் எப்படிப் பொறுப்பது?

இந்த வண்டிகள் யாருடையவை என்று முதலில் பார்க்க வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். 2011இல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப் கிராமச் சாலையெல்லாம் நிறைந்தது. லாரி வாங்க வசதியில்லாத ஆயிரக்கணக்கான பேர் இந்தச் சின்ன வண்டிகளால் முதலாளி ஆனார்கள். முதலாளி என்றால் அவரேதான் டிரைவர், அவரேதான் லோடு ஏற்றும் ஆள், அவரேதான் கணக்கப்பிள்ளை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆறுமுகநேரி, திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் என்று கடைகளுக்கு உப்பு மூட்டை போடுவதுதான் என் வண்டியின் முக்கிய வேலை. திரும்பி வரும்போது கிடைத்ததை ஏற்றிக்கொள்வேன். இப்படிப்பட்டவர்களுக்கு வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றாலே வீட்டுச் செலவு இடிக்கும்.

பெயின்ட் அடிக்க எங்களைத் துரத்துவது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதை வாங்கினால் போதும். 8 வருஷத்தைத் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் வாங்க வேண்டும். 15 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமும் பல மடங்கு கூடிவிட்டது. பழைய வண்டியைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் போகக் கூடாது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் தகுதிச் சான்றுக்கான 62ஆம் விதியைப் பாருங்கள். ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங் என்று பட்டியல் போகிறது. எல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட சங்கதிகள்.

ஆனால் எஃப்.சி. தேதி நெருங்கினால் வண்டிக்காரன் முதலில் ஓடுவது பிரேக் மெக்கானிக்கிடம் இல்லை, பெயின்டரிடம். மங்கிப்போன வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மற்றதைப் பார்க்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் தொழிலில் வேரோடிக் கிடக்கிறது. அந்தப் பயத்தை நம்பியே எஃப்.சி. பெயின்ட் என்று தனியாக ஒரு வேலை உருவாகிவிட்டது.

பட்டறையில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். "அண்ணாச்சி, எஃப்.சி.க்கு அடிக்கணுமா, நமக்கு அடிக்கணுமா?"

எஃப்.சி.க்கு என்றால் ஒரு ரேட். தூசி தட்டி, உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, ஓட்டை விழுந்த இடத்தில் பட்டியை அப்பி, அதன்மேல் எனாமல் ஏற்றிவிடுவார்கள். 12,000, 15,000 ரூபாயில் கதை முடியும். நமக்கு என்றால் 45,000இல் ஆரம்பித்து 60,000 தாண்டியும் போகும். டிங்கரிங் தனி, வெல்டிங் தனி, மெட்டீரியல் தனி, லேபர் தனி. எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னால், "பிரிச்சாத்தான் தெரியும் அண்ணாச்சி, உள்ள எவ்வளவு அழுகியிருக்குன்னு இப்பமே எப்படிச் சொல்ல?" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உள் தகட்டின் நிலை வெளியிலிருந்து தெரியாதுதான். ஆனால் பிரித்த பிறகாவது ஒரு தாளில் எழுதலாமே. பிரித்துப் போட்ட வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை.

நல்ல பெயின்ட் வேலை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இந்த இரண்டு ரேட்டுக்கும் நடுவில் நாம் எதை இழக்கிறோம் என்பது விளங்கும். தொழிற்சாலையில் வெறும் தகட்டைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, பாஸ்பேட் குளியல் கொடுக்கிறார்கள். பிறகு மின்சாரம் பாயும் பிரைமர் தொட்டியில் உடம்பு முழுவதையும் முக்கி எடுக்கிறார்கள். கதவின் உள்பக்கம், மடிப்பு, இடுக்கு என்று தூரிகையும் ஸ்ப்ரே கன்னும் போகாத இடத்தில்கூட அந்தப் பிரைமர் படிகிறது. அதை 160 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் சுட்டு இறுக்குகிறார்கள். அதற்கு மேல்தான் நிறம். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் மொத்த கனம் ஏறக்குறைய 100 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய உறைதான் வண்டியை இத்தனை வருஷம் காப்பாற்றியது.

பட்டறையில் அந்தக் குளியலும் கிடையாது, அடுப்பும் கிடையாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் மாட்டிய வண்டியை 160 டிகிரியில் வைக்கவும் முடியாது. அதனால் கையால் செய்யும் வேலையை ஒழுங்காகச் செய்வதுதான் ஒரே வழி. துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை எடுக்க வேண்டும். அழுகிய தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். உப்பு போகும்படி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். துருவைத் தடுக்கும் பிரைமர் அடித்து, தேவையான இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, சர்ஃபேசர் கொடுத்து, அதற்கு மேல் பி.யு. என்கிற பாலியூரிதேன் பெயின்டை ஹார்டனர் சரியான அளவில் கலந்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் காய நேரம் கொடுக்க வேண்டும். இதில் முக்கால்வாசி வேலை வெளியே தெரியாது. தெரியாத வேலைக்குக் காசு கேட்டால் வண்டிக்காரன் தரமாட்டான் என்று பெயின்டர் நினைக்கிறார். தெரியாத வேலையைச் செய்தாரா இல்லையா என்று வண்டிக்காரனுக்குத் தெரிய வழியில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் துரு வளர்கிறது.

எங்கள் ஊரில் இது இன்னும் மோசம். உப்பு, தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் போக வழி செய்கிறது. அதனால் துருப் பிடிக்கும் வேகம் கூடுகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மூட்டையிலிருந்து சிந்திய உப்பு தொட்டியின் தரைத்தகட்டு இடுக்கில் போய் உட்கார்ந்தால், மழை இல்லாத நாளிலும் அந்த இடம் நசநசவென்று இருக்கும். மீன் ஏற்றும் வண்டிகளின் கதி இதைவிடக் கேவலம். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்து சேஸிஸ் வரைக்கும் போகிறது. இந்த உப்பைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகத்தான் அர்த்தம். துருவாக மாறிய இரும்பு, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அது உப்பி எழும்போது பெயின்டையும் தூக்கிக்கொண்டு வரும். மழைக்குப் பிறகு நாம் பார்க்கிற கொப்புளம் அதுதான்.

பெயின்ட் அடிக்க நல்ல காலமும் இங்கே குறைச்சல். ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் தேரி மண் பறந்து வரும். ஓலைக் கொட்டகையிலோ, தகரக் கூரை போட்டு மூன்று பக்கம் திறந்த பட்டறையிலோ அடித்த பெயின்ட் காய்வதற்குள் மேலே மணல் ஒட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஈரக் காற்றில் அடித்தால் பளபளப்பு வராமல் வெளுத்துப் போகும், சரியாகப் பிடிக்காது. ஆனால் எஃப்.சி. தேதி காற்றையும் மழையையும் பார்த்து வருவதில்லை. மழையில் தேதி வந்தால் மழையிலேயே அடிக்க வேண்டியதுதான். அது நிற்காது என்று அடிக்கிறவருக்கும் தெரியும், அடிக்கச் சொல்கிறவனுக்கும் தெரியும்.

பெயின்டோடு செலவு முடிவதில்லை என்பது பெயின்ட் அடித்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றினால் பழைய ரப்பர் பீடிங் அப்படியே பிய்ந்து வரும். புதுசு வாங்க வேண்டும். லைட், கைப்பிடி, பம்பர் கழற்றும்போது துருப்பிடித்த போல்ட் உடையும், கிளிப் உடையும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாயிற்று, புதிதாக ஒட்ட வேண்டும். உரிமையாளர் பெயர், விலாசம், வண்டியின் வெற்று எடை, மொத்த எடை எல்லாம் மறுபடி எழுத வேண்டும்; ஆர்ட்டிஸ்ட்டுக்குத் தனிக் கூலி. நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகி இருக்கிறது; அனுமதி வாங்கி அதையும் திருத்த வேண்டும். சரி, பழைய நிறமே போதும், கதவுக்கு மட்டும் அடித்துக்கொள்வோம் என்றால், வெயிலில் வெளுத்த கேபினோடு புதுக் கதவின் நிறம் ஒத்துப்போகாது. கம்பெனி கலர் கோடு பார்த்துக் கலந்தாலும் அது புது வண்டியின் நிறம், என் வண்டியின் இன்றைய நிறம் இல்லை. இந்த வித்தியாசமே ஒரு கதவுக்கென்று போனவனை முழு வண்டிக்கும் அடிக்க வைத்துவிடும்.

இத்தனை நாளும் வண்டி ஓடாது. மாசத் தவணை ஓடும், இன்சூரன்ஸ் நாள் ஓடும். "நாளைக்கு வந்துரும் அண்ணாச்சி" என்று பட்டறையில் சொல்லும் நாளை எந்த நாளை என்று யாருக்கும் தெரியாது. நடுவில் அவசரமாக வேறு வண்டி வந்தால் நம் வண்டி பிரைமரோடு வெளியே நிற்கும். சாதாரண பிரைமர் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. உப்புக் காற்றில் அப்படி நிற்கும் ஒவ்வொரு நாளும் செய்த வேலை வீணாகிறது. இதற்குள் நமக்கு வாடிக்கையாக லோடு கொடுக்கும் கடைக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். அந்த லோடு நமக்குத் திரும்பி வருமா என்பது அடுத்த கவலை.

இன்சூரன்ஸில் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. துரு என்பது தேய்மானம். தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசியில் இடமே இல்லை. யாராவது இடித்துவிட்டால்கூட முழுசாகக் கிடைக்காது. பெயின்ட் பில்லில் மெட்டீரியல் என்று வருகிற பகுதியில் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். 10 வருஷத்தைத் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்துக்கும் 50 சதவீதம் கழிவு. மீதி நம் கைக்காசு. பெயின்டுக்கும் தின்னருக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பெயின்டுக்கு 2018 ஜூலை வரை 28 சதவீதமாக இருந்தது என்பதை நினைத்தால் ஆறுதல்தான். ஆனால் பெரிய கம்பெனி அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத ஒற்றை வண்டிக்காரன் எதில் கழிப்பான்?

பட்டறைக்காரர்கள்மேல் பழி போட்டுவிட்டு ஒதுங்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் படும் பாட்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பி.யு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முறைப்படி அதை அடிக்கிறவருக்குச் சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகக்கவசம் வேண்டும். நம் பட்டறைகளில் மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. பழைய பெயின்டைச் சுரண்டும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும்தான். இந்த வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு இருமலோடு வயதாகிறது. ஐ.டி.ஐ.யில் வண்டிப் பெயின்டிங்குக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதைப் படித்துவிட்டு வந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வண்டிக்காரன் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்க, பெயின்டர் துரு எடுக்கும் வேலையைக் குறைக்க, கடைசியில் இரண்டு பேருமே ஏமாந்து நிற்கிறோம்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பட்டி அப்பி மூடிய ஓட்டை, ஓட்டையாகவே இருக்கிறது. தொட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அழுகியிருந்தால், மேலே கறுப்புப் பெயின்ட் அடித்த மாத்திரத்தில் அது ஒரு டன் மூட்டையைத் தாங்கிவிடாது. ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸ் அரித்திருந்தால், எனாமல் அதைப் பிடித்து நிறுத்தாது. பழைய வண்டி பாதுகாப்பாக ஓட வேண்டும் என்பதற்காக ஏற்படுத்திய சோதனையின் பயத்தில், பழைய வண்டியின் ஆபத்தை நாமே மூடி மறைக்கிறோம். அந்த 15,000 ரூபாயை அதே வண்டியின் தரைத்தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் போட்டிருந்தால், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் வண்டி பத்திரமாக ஓடியிருக்கும்.

அதனால் நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. எஃப்.சி.க்கு வரும் பழைய வண்டியில், நிறம் மங்கியதை ஒரு குறையாகப் பார்க்க மாட்டோம் என்று தெளிவாக எழுதிப் போடட்டும். அதற்குப் பதிலாகச் சேஸிஸ், குறுக்குச் சட்டம், கேபின் மவுண்ட், தரைத்தகடு இந்த நான்கையும் கீழே குனிந்து, சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். அழுகியிருந்தால் ஃபெயில் போடட்டும். நான் சந்தோஷமாகத் திரும்பிப் போய் வெல்டிங் செய்துகொண்டு வருவேன். சிட்கோ தொழிற்பேட்டைகளில் தூசி புகாத ஒரு பொதுப் பெயின்ட் அறையை அமைத்து, சின்னப் பட்டறைக்காரர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். முகக்கவசமும் காற்றுக் குழாயும் அங்கேயே இருந்தால் அடிக்கிறவரின் நுரையீரலும் பிழைக்கும், மழைக்காலத்திலும் வேலை நடக்கும்.

பட்டறைக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பிரித்துப் பார்த்த பிறகு எந்தத் தகடு மாற்றம், எத்தனை அடுக்கு, என்ன பிரைமர், என்ன கூலி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பட்டி வைப்பதற்கு முன்னால் வண்டிக்காரனைக் கூப்பிட்டு வெறும் இரும்பைக் காட்டுங்கள். வெறும் இரும்பைக் கண்ணால் பார்த்தவன் கூலியில் பேரம் பேச மாட்டான்.

வண்டிக்காரர்களான நமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உப்பு லோடோ மீன் லோடோ இறக்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியோடு சேர்த்துக் கழுவுங்கள். தொட்டியின் வடிகால் துளைகளைக் குச்சி விட்டுத் திறந்து வையுங்கள். காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால், முழு வண்டிக்கும் மேல்பூச்சு அடிக்காமல், துருப்பிடித்த இடத்தை மட்டும் இரும்பு வரைக்கும் சுரண்டி ஒழுங்காகச் செய்யுங்கள். நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். திட்டுத் திட்டான வண்டியை எஃப்.சி.யில் தைரியமாகக் கொண்டுபோய் நிறுத்தும் நிலை நமக்கு வர வேண்டும். சங்கங்கள் டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் குரல் கொடுக்கும்போது இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்து எழுதட்டும். நாம் உழைத்துச் சம்பாதித்த காசு, நம்மையும் நம் வண்டிக்கு முன்னும் பின்னும் போகிறவர்களையும் காப்பாற்றுகிற இரும்புக்குத்தான் போக வேண்டும்.